அவைக்களத்தில் நக்கீரர்

வைகையாற்றின் தென்கரையில் அமைந்த மதுரை மாநகர் பாண்டியரின் தலைநகராய் விளங்கிய பழங்காலத்தில், அந்நகரிலே புலவர் பலர் கூடியிருந்து தமிழ் ஆய்ந்தனர். அவ்வவையைச் சங்கம் என்று வழங்குவர். கடைச்சங்கத்தில் 49 புலவர் வீற்றிருந்தனர் என்று இறையனார் களவியல் உரை கூறும். ஒருவர் பாட்டு இயற்றிக் கொணர்ந்தால், அஃது அவையேறிய பின்னரே நாட்டில் மதிப்புப் பெறும். அவையேற்றுவோர் பாடியவரின் செல்வத்தை நோக்குதலும் ஆகாது. அவர்க்குத் துணையாய் நிற்பவரின் பெருமையை நோக்குதலும் ஆகாது. பாட்டை மட்டுமே நோக்குதல் வேண்டும். பலர் கூடிய இடத்தில் கண்ணை இவ்வாறு ஒன்றிலேயே நிறுத்துதல் எளிய செயலன்று. அதனைச் செய்தவர் என்று தமிழ் நாட்டார் தலைமுறை தலைமுறையாகப் போற்றும் புலவர் நக்கீரர்.

நக்கீரரின் தந்தையார் மதுரைக் கணக்காயனார். கணக்காயர் என்பது சிறுவர்க்கு நூல் கற்பிக்கும் ஆசிரியரைக் குறிக்கும் பழஞ்சொல். தந்தையார் ஆசிரியர் மட்டுமல்லர், பாவலரும் ஆவர். அவர் இயற்றிய பாடல்கள் அகநானூற்றிலும் புறநானூற்றிலும் உள்ளன. மைந்தரின் இயற்பெயர் கீரர் என்பதே. நப்பூதனார், நச்செள்ளையார் என்னும் பெயர்களிற்போல, சிறப்புக் கருதி முன்னே ஒரு நகரம் சேர்ந்து நக்கீரர் ஆயிற்று. சங்கறுத்து வளை செய்யும் குடியில் அவர் தோன்றினார் என்று செவிவழிச் செய்தி ஒன்றும் உண்டு. முத்தும் சங்கும் மிகுந்த கொற்கைத் துறையை உடைய பாண்டி நாட்டில் அத்தொழில் சிறந்திருந்தது வியப்பன்று.

நக்கீரரின் நோக்கு எத்தன்மையது என்பதை அறிய நெடுநல்வாடை ஒன்றே போதும். பத்துப்பாட்டில் ஒன்றாகிய அந்நூல் 188 அடிகளால் இயன்றது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைக் குறித்து அது பாடப்பெற்றது என்பர். மழை ஓயாது பெய்யும் கூதிர்க்காலம். வெள்ளத்திற்கு அஞ்சிய ஆயர் தம் நிரையை மேட்டு நிலத்திற்கு ஓட்டிச் சென்று, நெருப்பிலே கைகாய்ச்சிக் கன்னம் நடுங்க நிற்கின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறந்தன. கறவைப் பசு பால் உண்ண வந்த கன்றை உதைத்துத் தள்ளுகிறது. நகரத்து மாடங்களில் வாழும் புறாக்கள், இரவு இது பகல் இது என்று அறியமாட்டாமல், இரைதேடப் போகாது, நின்று நின்று கடுத்த கால்களை மாற்றி மாற்றி வைக்கின்றன. கதிரவன் மறைந்ததும் தெரியாத அந்நாளில், மகளிர் தட்டிலே இட்டு வைத்த அரும்புகள் மலர்ந்து மணம் வீசக் கண்டே மாலை வந்தது என்று தெளிந்து விளக்கேற்றுகின்றனர். இவற்றுள் ஒன்றேனும் ஏட்டைப் பார்த்து எழுதியதாகத் தோன்றவில்லை. மதுரை வீதிகளிலும் அதனைச் சூழ்ந்த முல்லை நிலங்களிலும் நின்று, புறாவின் கால்வரையில் உற்றுநோக்கியவர் எழுதிய எழுத்து அது.

நூலின் இறுதியில் பாசறை வருகிறது. நள்ளிரவிலும் வேந்தன் உறங்கவில்லை. வாடைக் காற்றில் விளக்கின் சுடர் சாய்கிறது. வேப்பந்தழை சூடிய வேலை ஏந்திய ஒருவன் முன்னே சென்று, புண்பட்ட வீரரை முறைமுறையாகக் காட்டுகிறான். வாள் தாங்கிய இளைஞன் ஒருவனது தோள்மீது வலக்கையை வைத்து, நழுவும் மேலாடையை இடக்கையால் பற்றிக்கொண்டு, வேந்தன் ஒவ்வொருவரையும் இன்முகத்தோடு கண்டு செல்கிறான். பழந்தமிழர் இரக்கத்தைக் கண்ணோட்டம் என்றனர். ஒருவர்மீது கண் சென்று தங்குதலே அன்பின் தொடக்கம் என்று அச்சொல்லை ஆக்கியோர் கருதினர் போலும். பெரும்படையை உடையவன் தன் கண்ணை யார்மீது செலுத்துகிறான் என்பதனையே நக்கீரர் அவனுக்குரிய புகழாகக் கொண்டார். வென்ற களத்தைப் பாடி விரிக்கவில்லை.

புறநானூற்றின் 189ஆம் பாட்டும் அவருடையதே. உலகம் முழுதும் ஒரு குடைக்கீழ் ஆளும் அரசனும், இரவும் பகலும் விலங்கைத் தேடித் திரியும் கல்லாத வேடனும் உண்பது ஒரே அளவு; உடுப்பது இரண்டே ஆடை; பிற தேவைகளும் ஒப்பானவையே என்று அதில் கூறி, செல்வத்தின் பயன் கொடுத்தலே என்று முடிக்கின்றார். அரசவையில் பரிசில் பெற்று வாழ்ந்த புலவர் ஒருவர் அரசனையும் வேடனையும் ஒரே கண்ணால் நோக்கினார் என்பதை மனத்திற் கொண்டால், பின்வரும் கதை அவர்மீது எழுந்ததன் காரணம் விளங்கும்.

நக்கீரர் என்றவுடன் தமிழ் மக்கள் நினைவுக்கு வருவது தருமியின் கதையாகும். தருமி பொற்கிழி பெற்ற செய்தி ஏழாம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசரின் தேவாரத்திலேயே குறிக்கப்பட்டுள்ளது. அதனை விரித்துரைப்பது பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம். செண்பகப் பாண்டியன் தன் தேவியின் கூந்தல் மணத்தை நுகர்ந்து, அம்மணம் இயற்கையோ செயற்கையோ என்று ஐயுற்றான். தன் கருத்தை அறிந்து பாடுவோர்க்கு என்று 1000 பொன் கொண்ட கிழியைச் சங்க மண்டபத்தின் முன்னே தூக்குவித்தான். புலவர் பலர் பாடினர். எவர் பாட்டும் அவன் கருத்தோடு ஒத்து வரவில்லை. தருமி என்னும் வறிய இளைஞன் ஆலவாய்ப் பெருமானை வேண்டி ஒரு பாட்டைப் பெற்று வந்து அவையில் படித்தான். அரசன் மகிழ்ந்தான். பொற்கிழியை எடுத்துக்கொள்ளுமாறும் கூறிவிட்டான். அரசன் தலையசைத்த பின்னர் அவையிலே மறுத்துரைப்பவர் யாவர்? நக்கீரர் எழுந்து, பாட்டிலே பொருட்குற்றம் உண்டு என்று தடுத்தார். பூவாலும் நறும்புகையாலும் அன்றிக் கூந்தலுக்கு இயற்கையில் மணம் இல்லை என்பது அவர் கொள்கை.

கதையின்படி, தருமி வருந்தி மீள, பாட்டைத் தந்த பெருமானே புலவர் வடிவு கொண்டு அவைக்கு வந்தார். வழக்கு நிகழ்ந்தது. எதிர்வந்தவர் நக்கீரரின் சங்கறுக்கும் குடியைச் சுட்டி இகழ்ந்தார் என்றும் தனிப்பாடல் ஒன்று கூறுகிறது. சொல்லை விட்டுச் சொன்னவன் பிறப்பிலே அவையின் கண்ணைத் திருப்பும் சூழ்ச்சி அன்றும் இருந்தது என்பதற்கு அது சான்று. வான் மகளிர் கூந்தலுக்கும், காளத்தியில் நக்கீரர் நாள்தோறும் வழிபடும் ஞானப்பூங்கோதையின் கூந்தலுக்கும் அம்முடிவு பொருந்துமோ என்று வினவியபோதும், அவர் தம் முடிவினின்று அசையவில்லை. நெற்றிக் கண்ணைக் காட்டிய போதும் அசையவில்லை. அதன் வெம்மை தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்தார். பின்னர் அருள்பெற்றுக் கரையேறினார். புராணம் இதனைச் செருக்கு அடங்கிய கதையாகச் சொல்லும். தமிழ் மக்களோ, புராணத்தின் நோக்கத்தைச் சிறிது ஒதுக்கி வைத்துவிட்டு, அஞ்சாத புலவரின் கதையாகவே அதனை நினைவிற் கொண்டனர்.

வழக்கிற்குரிய பாட்டு குறுந்தொகையின் இரண்டாம் பாட்டாக இறையனார் பெயரால் இன்றும் உள்ளது. தலைவன் ஒருவன் வண்டை நோக்கி, நீ அறிந்த பூக்களுள் இவள் கூந்தலைப் போல மணம் உடையதும் உளதோ என்று கேட்கின்றான். கேட்பவன், தான் விரும்புவதை உரையாமல் கண்டதையே உரைக்குமாறு வண்டை வேண்டுகின்றான். அப்பாட்டு வண்டுக்கு இட்ட கட்டளையைத்தான் நக்கீரர் அவையிலே நிறைவேற்றினார் என்பது நினைக்குந்தோறும் சுவை தருகிறது.

அவையிலே கூடியோர் கண்கள் எங்கே செல்கின்றன என்பது இக்காலத்தில் அறிவியல் ஆராய்ச்சிக்கும் உரிய பொருளாயிற்று. படிக்கும்போது கண் வரியின்மீது வழுக்கிச் செல்வதில்லை. தாவித் தாவி நின்று நின்றே செல்கிறது என்னும் உண்மையைப் பிரெஞ்சு நாட்டுக் கண் மருத்துவர் எமில் ஜாவலின் ஆய்வுக்கூடம் 1879ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் வெளிப்படுத்தியது. கண் நொடிக்கு மூன்று நான்கு முறை இவ்வாறு தாவுகிறது. 1965இல் ரஷ்ய அறிஞர் ஆல்பிரட் யார்பஸ் தம் நூலை வெளியிட்டார். அவர் ஓர் ஓவியத்தையே பலமுறை காட்டி, ஒவ்வொரு முறையும் வேறு வேறு வினா எழுப்பினார். ஓவியத்தில் உள்ளோரின் வயது என்ன என்று கேட்டபோது பார்ப்பவரின் கண் முகங்களையே நாடியது. அவர்தம் செல்வநிலை எத்தகையது என்று கேட்டபோது ஆடைகளையும் அறைப்பொருள்களையும் நாடியது. வினா மாறினால் கண் செல்லும் வழியும் மாறும் என்பது பெறப்பட்டது. இக்காலக் கருவிகள் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியைக் கண்மீது மெல்ல வீசி, கருவிழியில் அது மீளும் இடத்தையும் பாவையின் நடுவையும் ஒளிப்படக் கருவியால் அளந்து, பார்வை எங்கே எவ்வளவு நேரம் தங்கிற்று என்று கணக்கிடுகின்றன.

கூடி முடிவு செய்வோரின் அசைபடங்களைப் பார்வையாளர்க்குக் காட்டி, அவர்தம் கண்ணசைவை இத்தகைய கருவியால் பதிந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. டாம் பவுல்சம் முதலானோர் அதனைச் செய்தனர். குழுவில் உயர்ந்த மதிப்புடையவர்மீதே பார்வையாளரின் கண்கள் மிகுதியாகச் சென்று நெடிது தங்கின. பேசுபவரை நோக்குதல் இயல்பு. ஆயினும் மதிப்புடையவர் பெற்ற பார்வை அதனால் மட்டும் விளைந்ததன்று. தருமி பாட்டைப் படித்த அன்று புலவர் கண்கள் எத்திசை நோக்கியிருக்கும் என்று இதிலிருந்து உய்த்துணரலாம். அரசன் எழுப்பிய வினா தன் கருத்தோடு பொருந்துவது எது என்பது. அவ்வினாவை ஏற்றோர் அரசன் முகத்தை நோக்கினர். நக்கீரர் பாட்டிலே உள்ளது உண்மையா என்னும் வேறொரு வினாவோடு அங்கே இருந்தார். ஆதலால் அவர் கண் பாட்டிலே தங்கிற்று.

அவர் கண்ணும் ஒருமுறை தவறிற்று என்று மற்றொரு கதை வழங்குகிறது. மதுரைக்குத் தென்மேற்கே உள்ள திருப்பரங்குன்றத்தில், பொய்கைக் கரையில் அவர் வழிபாட்டில் அமர்ந்திருந்தார். கரையில் நின்ற மரத்தினின்று ஓர் இலை உதிர்ந்து, பாதி நீரிலும் பாதி நிலத்திலுமாக விழுந்தது. நீரில் வீழ்ந்த பாதி மீனாயிற்று; நிலத்தில் வீழ்ந்த பாதி பறவையாயிற்று. ஒட்டியிருந்த அவை இரண்டும் ஒன்றையொன்று இழுத்தன. நக்கீரரின் கருத்து வழிபாட்டை விட்டு அவ்வியப்பில் சென்றது. வழிபாட்டில் வழுவியோர் 1000 பேரைத் திரட்ட எண்ணி, 999 பேரைக் குகையில் அடைத்து வைத்திருந்த பூதம் ஒன்று, அக்கணமே அவரைப் பற்றி எண்ணிக்கையை நிறைவு செய்தது. அரசன் முகத்திற்கும் நெற்றிக் கண்ணுக்கும் அசையாத ஒருவரை அசைக்க ஓர் இலை போதியதாயிற்று! மன்னர் ஆணையைவிட விந்தைக் காட்சி வலிது என்று கண்டவர் இக்கதையைக் கட்டியிருத்தல் வேண்டும்.

குகையில் இருந்தவாறே அவர் முருகனைப் பாட, முருகன் வேலால் மலையைப் பிளந்து அனைவரையும் விடுவித்தான் என்பர். அப்பாட்டே 317 அடிகளைக் கொண்ட திருமுருகாற்றுப்படை. படைவீடுகளுள் திருப்பரங்குன்றமே அதில் முதலில் வைத்துப் பாடப்பெற்றுள்ளது. கூடல் நகருக்கு அப்பால் விரிந்த வயல்களில், வண்டுகள் இரவெல்லாம் தாமரையில் துயின்று, வைகறையில் நெய்தலை ஊதி, கதிரவன் எழுந்தபின் குன்றத்துச் சுனைப்பூவை நாடுகின்றன. நெடுநல்வாடையில் புறாவைக் கண்ட நோக்கே இங்கு வண்டைக் காண்கிறது. காளத்தியைப் பாடிய அந்தாதி ஒன்றும் நக்கீரர் பெயரால் பதினோராந் திருமுறையில் உண்டு. அதன் நடை பிற்காலத்ததாதலின் அதனைப் பாடியவர் வேறொரு நக்கீரர் என்பர் ஆராய்ச்சியாளர்.

நக்கீரர் வாழ்க்கையில் எல்லாவற்றினும் அரிய நிகழ்ச்சியாக இறையனார் களவியல் உரையின் முகப்புப் பகுதி ஒன்றனைக் கூறுகிறது. பாண்டி நாட்டில் பன்னீராண்டு மழை பெய்யவில்லை. அரசன் புலவரைப் பேண இயலாமல், நாடு நாடாகியபின் வருக என்று வெளிநாட்டுக்குப் போக்கினான். மழை பெய்தபின் ஆள்விட்டு அழைத்தபோது, எழுத்திலும் சொல்லிலும் வல்லார் கிடைத்தனர். பொருளிலக்கணம் வல்லார் எங்கும் கிடைத்திலர். எழுத்தும் சொல்லும் ஆராய்வது பொருளின் பொருட்டன்றோ என்று அரசன் வருந்தினான். அவன் வருத்தம் தீர, ஆலவாய் இறையனார் 60 நூற்பாக்களைச் செப்பிதழில் எழுதித் தம் பீடத்தின் கீழ் வைத்தார் என்பது வரலாறு. நூல் கிடைத்தது. அதற்குப் பொருள் காணுமாறு அரசன் பணிக்க, 49 புலவரும் ஆளுக்கோர் உரை செய்தனர்.

பின்னர் வந்தது கலகம். ஒவ்வொருவரும் தம் உரையே மெய்யுரை என்றனர். நடுநின்று தீர்ப்பார் அங்கு ஒருவரும் இலர். அனைவரும் வழக்காளிகளாய் இருந்தனர். அரசனே தீர்க்கலாமே எனின், அவன் அறியாத நூலைக் குறித்ததாகும் அவ்வழக்கு. ஒருவர் உரை நிலைபெற்றால் மற்றை 48 உரைகளும் மறையும். தவறான உரை வென்றால், பன்னீராண்டு வறட்சிக்குப்பின் கிடைத்த நூல் பொருள் கெட்டுப் பின்வரும் மாணாக்கர் கைக்குச் செல்லும். இந்நிலையில், இவ்வூரிலேயே உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன் என்பான் ஒருவன் உளன், பசிய கண்ணும் புல்லிய மயிரும் உடையவன், ஐந்து வயதினன், வாய் பேசாதவன், அவனை இருத்தி உரை கேட்பிக்க என்று ஒரு குரல் எழுந்தது.

புலவர் சென்று அச்சிறுவனை அழைத்து வந்தனர். வெள்ளாடை உடுத்தி, வெண்பூச் சூட்டி, வெண்சாந்து அணிந்து, பலகைமீது அமர்த்தினர். பெரும்புலவர் 49 பேரும் அவன் முன்னே கீழிருந்து ஒருவர் பின் ஒருவராய்த் தம் உரையைப் படித்தனர். படிப்பவரை எவரும் நோக்கவில்லை. அனைவர் கண்ணும் அச்சிறுவனது கண்ணையே நோக்கின. பலர் படித்தபோது அவன் வாளா இருந்தான். மதுரை மருதன் இளநாகனார் படித்தபோது சிலவிடங்களில் அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரர் படித்தபோது பதந்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். அவை ஆரவாரித்தது. மெய்யுரை கிடைத்தது என்றனர்.

இச்சிறுவனைத் தேர்ந்த முறையைக் கூர்ந்து காணுதல் தகும். அவனுக்கு ஆசிரியர் இலர். ஆதலால் எப்பக்கத்தையும் சார்ந்தவன் அல்லன். பரிசிலையும் பதவியையும் அறியாத வயது. பேசாதவன் ஆதலால் முகமன் கூற இயலாது. வெண்மை ஒன்றே உடுத்தியிருந்தமையால் குலமும் செல்வமும் அவன்மீது தோன்றவில்லை. கற்றோர் அவை தன் கண்மீதே நம்பிக்கை இழந்து, கண்ணைத் தவிர வேறு கருவி இல்லாத ஒருவனை நடுவனாக்கிற்று. முகத்தின் குறிப்பே அகத்தைக் காட்டும் என்பது தமிழர் பழங்கொள்கை. உளம் ஒன்றிக் கருதும்போது கண்ணின் பாவை விரிகிறது என்று 1960களில் மேலைநாட்டு ஆய்வாளரும் அளந்து கண்டனர். எனினும் கண் தங்கிய இடத்தைக் கருவி காட்டுமே யன்றி, அங்கே தங்கியது உடன்பாட்டினாலோ மறுப்பினாலோ என்று அதுவே சொல்லாது. மதுரைப் புலவரும் பார்வையோடு அமையாமல், கண்ணீரையும் மயிர்சிலிர்ப்பையும் சேர்த்தே சான்றாகக் கொண்டனர்.

ஒன்று கருதத்தக்கது. இவ்வரலாற்றை நமக்குச் சொல்வது நக்கீரர் வழியில் வந்த உரையே. வென்றவர் பக்கத்துச் செய்தி இது. ஆயினும் மருதன் இளநாகனார்க்கும் சிலவிடங்களில் கண்ணீர் வார்ந்தது என்பதனை மறைக்காமல் எழுதிவைத்தனர். தோற்றவர்க்குரிய பங்கையும் விடாமல் குறித்த அந்நேர்மை, நக்கீரர் பள்ளிக்கு ஏற்றதே.

அவ்வுரை உடனே ஏட்டில் எழுதப்பெறவில்லை. நக்கீரர் அதனைத் தம் மகனார் கீரங்கொற்றனார்க்குச் சொன்னார். அவர் தேனூர் கிழார்க்குச் சொன்னார். மணலூர் ஆசிரியர், செல்லூர் ஆசிரியர், திருக்குன்றத்து ஆசிரியர் என ஒருவர் வாயிலிருந்து ஒருவர் செவிக்கு அது வந்தது. தேனூர், மணலூர், செல்லூர் என்னும் பெயர்கள் இன்றும் மதுரையிலும் அதனை அடுத்த வைகைச் சமவெளியிலும் உள்ள ஊர்களுக்கு வழங்குகின்றன. இறுதியில் முசிறி ஆசிரியர் நீலகண்டனார் அதனைப் பெற்றார். பாண்டிக்கோவைப் பாடல்கள் அதில் எடுத்துக்காட்டாய் வருவதால், உரை எழுத்து வடிவம் பெற்றது எட்டாம் நூற்றாண்டளவில் என்று அறிஞர் கணித்துள்ளனர். பல நூற்றாண்டுகள் ஓலையில் இருந்த அதனை யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1883இல் அச்சிட்டார். 1889இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது, திருமுருகாற்றுப்படை அதன் முதற்பாட்டாகவும் நெடுநல்வாடை ஏழாம் பாட்டாகவும் அமைந்தன.